பழைய ஸ்போர்ட்ஸ் காரின் சாயம்: பாலிஷ் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கார் ஐம்பது ஆண்டு பழையது. சிவப்புச் சாயம் வெளுத்து இளஞ்சிவப்பாகி, விரலால் தொட்டால் மாவு ஒட்டுகிறது. உரிமையாளர் பட்டறைக்குக் கொண்டு போகிறார். அங்கே இருப்பவர் புதிய கார்களுக்குப் பாலிஷ் போட்டுப் பழகிய கைக்காரர். சுழலும் இயந்திரத்தை எடுத்து அரை நாளில் பளபளவென்று ஆக்கிவிடுகிறார். வீட்டுக்கு வந்து வெயிலில் பார்த்தால் போனட்டின் விளிம்பிலும் கதவின் மடிப்பிலும் சாம்பல் நிறக் கோடுகள். அடிப்பூச்சு தெரிகிறது. அந்த இடத்தில் இனி சாயம் இல்லை. தேய்த்து வாங்கவும் முடியாது, தடவி வாங்கவும் முடியாது. மறுபடி பூசுவது ஒன்றே வழி.

இப்படிப் பாழாகும் கார்கள் கொஞ்சமல்ல. பழைய காரை வாங்குவோரும், அப்பாவிடமிருந்தோ தாத்தாவிடமிருந்தோ பெற்று வைத்திருப்போரும் நம்மிடையே இருக்கிறார்கள். தோட்டத்துத் துரைமார் வைத்திருந்த ஆங்கிலேயக் கார்களைக் கழுவித் துடைத்து மெருகு ஏற்றும் வேலை பல தோட்டங்களில் தமிழர் கையில்தான் இருந்தது. சைஸ் என்று அழைக்கப்பட்ட அந்த ஓட்டுநர்கள் மெழுகு டப்பாவும் பஞ்சுத் துணியுமாகச் செய்த வேலையை இன்று இயந்திரம் செய்கிறது. வேகம் கூடியிருக்கிறது. ஆபத்தும் கூடவே வந்திருக்கிறது.

எடுத்துக்காட்டுக்கு எம்ஜிபி காரை எடுத்துக்கொள்ளலாம். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் எபிங்டன் தொழிற்சாலையில் தயாரான இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் இது. மேற்கூரை இல்லாத ரோட்ஸ்டர், கூரையுள்ள ஜிடி இரண்டும் சேர்த்து 5 இலட்சத்துக்கும் மேல் வெளிவந்தன. அதனால்தான் இன்றும் உதிரிப்பாகம் கிடைக்கிறது, ஓட்டிப் பார்க்கும் நிலையில் கார்களும் இருக்கின்றன. டார்டன் ரெட், ஐரிஸ் புளூ, ஓல்ட் இங்கிலிஷ் வைட், பிரிட்டிஷ் ரேசிங் கிரீன் என்று அக்காலத்து நிறங்களுக்கே தனி ரசிகர்கள் உண்டு. டட்சன், ஆல்ஃபா ரோமியோ, டிரையம்ப் வைத்திருப்பவர்களுக்கும் கீழே சொல்பவை பெரும்பாலும் பொருந்தும்.

ஒற்றைப் பூச்சா, இரட்டைப் பூச்சா?

இன்றைய கார்களில் நிறம் ஒரு பூச்சு, அதன் மேல் கண்ணாடி போல் நிறமற்ற கிளியர் கோட் இன்னொரு பூச்சு. பாலிஷ் போடும்போது தேய்வது அந்தக் கிளியர் கோட்தான், நிறத்தைத் தொடுவதில்லை. இந்த முறை கார் உலகில் பரவலானது 1980களில்தான். அதற்கு முந்திய கார்களில், குறிப்பாக மெட்டாலிக் அல்லாத சாதா நிறங்களில், நிறமும் மினுமினுப்பும் ஒரே பூச்சில் அடங்கியிருக்கும். அதைத் தேய்த்தால் நிறமே தேயும்.

சோதிப்பது எளிது. வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலிஷ் எடுத்து, பூட்டின் உள்விளிம்பு போன்ற மறைவான இடத்தில் தேய்த்துப் பார்க்க வேண்டும். துணியில் காரின் நிறம் ஒட்டினால் ஒற்றைப் பூச்சு. ஒட்டாவிட்டால் மேலே கிளியர் கோட் இருக்கிறது என்று பொருள். எம்ஜிபியில் கிளியர் கோட் தெரிந்தால் அந்தப் பகுதி எப்போதோ மறுபடி பூசப்பட்டிருக்கிறது. ஒரே காரில் கதவு பழைய சாயமாகவும் போனட் புதிய சாயமாகவும் இருப்பது சர்வ சாதாரணம். எனவே ஒரு இடத்தில் பார்த்துவிட்டு முழுக் காரையும் முடிவு செய்துவிடக் கூடாது. ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

அடுத்த கேள்வி, அது எந்த வகைச் சாயம் என்பது. 1920களுக்கு முன் காருக்குத் தூரிகையால் எண்ணெய் வார்னிஷ் அடுக்கடுக்காகப் பூசி, காய வாரக் கணக்கில் காத்திருந்தார்கள். பருத்தி இழையை அமிலத்தில் பதப்படுத்திச் செய்யும் நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் வந்த பிறகே அந்தக் காத்திருப்பு தீர்ந்தது. அமெரிக்காவின் டுபோன்ட் நிறுவனம் டூக்கோ என்ற பெயரில் விற்றது அதைத்தான். நம் ஊர்ப் பழைய பட்டறைக்காரர்கள் இன்றும் ‘செல்லுலோஸ்’ என்று சொல்வதும் இந்த வகையையே. பிறகு எனாமல் சாயங்களும் அக்ரிலிக் சாயங்களும் வந்தன.

லேக்கருக்கு ஒரு குணம் உண்டு. அதில் உள்ள தின்னர் ஆவியாகிப் போவதால்தான் அது காய்கிறது. வேறு இரசாயன மாற்றம் எதுவும் நடப்பதில்லை. ஆகவே நாற்பது ஆண்டு கழித்துத் தின்னர் பட்டாலும் கரைந்து வரும். மறைவான இடத்தில் தின்னர் நனைத்த துணியை வைத்தால் சாயம் கரைந்து ஒட்டுகிறதா என்று பார்த்தே பட்டறைக்காரர்கள் அடையாளம் காண்பார்கள். வீட்டில் இதைச் செய்ய வேண்டாம். ஆனால் தார் எடுக்கவும் பசை எடுக்கவும் கையில் கிடைக்கும் திரவத்தையெல்லாம் பழைய சாயத்தில் ஊற்றக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் தேவையில்லை.

சாயம் ஏன் மாவாகிறது?

சாயம் என்பது நிறப்பொடியும் அதைப் பிடித்து வைத்திருக்கும் பிசினும் சேர்ந்த கலவை. வெயிலின் புற ஊதாக் கதிரும் காற்றும் ஈரமும் சேர்ந்து மேற்பரப்பில் உள்ள பிசினைச் சிதைக்கின்றன. பிடிமானம் இழந்த நிறப்பொடி மேலே மாவாக நிற்கிறது. அந்தக் கரடுமுரடான மேற்பரப்பில் ஒளி சிதறுவதால் சிவப்பு இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. கறுப்பு சாம்பலாகத் தெரிகிறது. ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும் நம் நாட்டில் இது வேகமாக நடக்கிறது. வண்டி நிற்கும் இடம் மாமரத்தடியாக இருந்தால் பிசினும் சேரும். புகைமூட்டக் காலத்தில் சாம்பலும் படியும்.

நல்ல செய்தி என்னவென்றால் மாவாவது மேலே மெல்லிய ஏடு மட்டுமே. அடியில் பெரும்பாலும் பழைய நிறம் அப்படியே இருக்கிறது. சிக்கல் அந்த அடிச்சாயம் எவ்வளவு கனம் என்பதில்தான்.

சாயத்தின் கனத்தை மைக்ரான் கணக்கில் அளக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரில் 1,000 மைக்ரான். தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான். இன்றைய காரில் அடிப்பூச்சு முதல் மேல்பூச்சு வரை எல்லாம் சேர்ந்து 100 முதல் 150 மைக்ரான்தான். ஒன்றரை, இரண்டு முடி கனம். பழைய காரில் எத்தனை முறை யார் யார் தேய்த்தார்களோ, எவ்வளவு மிச்சம் என்பது கண்ணுக்குத் தெரியாது. அதற்கென்று கையடக்கமான அளவுகோல் கருவி இருக்கிறது. நல்ல பட்டறையில் வைத்திருப்பார்கள், கேட்டுப் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: மலிவான கருவிகள் இரும்புத் தகட்டின் மேல் மட்டுமே வேலை செய்யும். ஆரம்பக் கால எம்ஜிபியின் போனட் அலுமினியம். அதற்கு அலுமினியத்தையும் படிக்கும் கருவி வேண்டும். லோட்டஸ் போன்ற ஃபைபர்கிளாஸ் உடல் என்றால் இந்தச் சாதாரணக் கருவிகள் இரண்டுமே உதவாது. அளவு மிக அதிகமாகக் காட்டும் இடத்தில் அடியில் பட்டி இருக்கலாம். அதாவது ஒரு காலத்தில் இடித்துச் சரிசெய்த இடம். அந்த வகையில் இந்தக் கருவி கார் வாங்கப் போகிறவருக்கும் நல்ல துணை.

முதலில் கழுவு, பிறகு எண்ணெய் கொடு

கழுவுவதில்தான் பாதிக் கீறல்கள் விழுகின்றன. இரண்டு வாளி வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்றில் கார் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர். துணியை ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரில் அலசிய பிறகே ஷாம்பு வாளிக்குக் கொண்டு போக வேண்டும். மேலிருந்து கீழாகக் கழுவுவது நல்லது; மண் அதிகம் ஒட்டியிருப்பது கீழே. தட்டு கழுவும் சோப்பு எண்ணெயையும் மெழுகையும் அடியோடு உரித்துவிடும் என்பதால் வேண்டாம். ‘குட் மார்னிங்’ துண்டை டயருக்கும் கம்பிச் சக்கரத்துக்கும் வைத்துக்கொள்ளலாம், சாயத்துக்கு மைக்ரோஃபைபர்.

அழுத்தமான நீர் பீய்ச்சும் இயந்திரத்தைத் துணிக்கூரை கார்களில் காட்டவே கூடாது. ஐம்பது ஆண்டு பழைய ரப்பர் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். எம்ஜிபிக்குக் கதவின் கீழே ஓடும் சில் பகுதிதான் உயிர்நாடி. தனிச் சட்டம் இல்லாத கார் என்பதால் உடலின் வலுவே அதில் இருக்கிறது. துருப்பிடிப்பதும் அங்கேதான் முதலில். கழுவிய பின் கதவின் அடி ஓட்டைகளில் தண்ணீர் வடிந்ததா என்று பார்த்து, ஒரு சுற்று ஓட்டிக் காயவைப்பது நல்ல பழக்கம். சாயம் கொப்புளம் கட்டியிருந்தால் அங்கே பாலிஷ் போட்டுப் பயனில்லை. அடியில் துரு. தேய்த்தால் கொப்புளம் உடையும், அவ்வளவுதான்.

கழுவிய பிறகும் கை வைத்துத் தடவினால் சொரசொரப்பாக இருந்தால், களிமண் போன்ற கிளே பாரைக் கொண்டு ஒட்டிய அழுக்கை எடுப்பார்கள். சாயம் மாவாகிய காரில் இதை மிக மென்மையாக, நிறைய வழவழப்புத் திரவத்துடன் செய்ய வேண்டும்.

இதற்குப் பிறகு உடனே காம்பவுண்ட் எடுத்துத் தேய்ப்பதே வழக்கம். பழைய ஒற்றைப் பூச்சில் கைதேர்ந்தவர்கள் அப்படிச் செய்வதில்லை. காய்ந்து போன சாயத்துக்கு முதலில் எண்ணெய் கொடுக்கிறார்கள். தேய்க்கும் துகள் இல்லாத, எண்ணெய்ப் பசை நிறைந்த கிளேஸ் என்ற திரவத்தைப் பஞ்சுத் துணியில் தாராளமாக எடுத்துச் சாயத்தில் அழுத்தித் தேய்த்து, ஓர் இரவு முழுவதும் அப்படியே ஊற விடுகிறார்கள். மறுநாள் துடைத்தால் செத்த மேலேடு எண்ணெயோடு துணிக்கு வந்துவிடும். நிறம் ஆழமாகத் தெரியும். மெகுயர்ஸ் நிறுவனத்தின் 7ஆம் எண் கிளேஸ் இதற்குப் பெயர் பெற்றது. 1901-இல் மரச்சாமான் பாலிஷ் செய்யத் தொடங்கிய நிறுவனம் அது. பழைய கார் சாயமும் மரச்சாமானும் கேட்பது ஒரே மாதிரிப் பராமரிப்பு என்பதால் இதில் வியப்பில்லை. சில கார்களுக்கு இந்த ஒரு வேலையே போதும். இயந்திரத்தை எடுக்கவே தேவை வராது. அப்படி நின்றுவிடும் கார்தான் அதிர்ஷ்டக் கார்.

மெட்டாலிக் நிறத்தில் ஒற்றைப் பூச்சு என்றால் கூடுதல் கவனம் வேண்டும். அதில் அலுமினியத் துகள்கள் மேலேயே இருக்கின்றன. தேய்த்தால் துணி கறுப்பாகும், நிறமும் திட்டுத் திட்டாகிவிடும்.

இயந்திரம் எடுத்தால்

கீறலும் மங்கலும் இன்னும் இருந்தால் பாலிஷ். எப்போதும் மிக மென்மையான பாலிஷும் மிக மென்மையான பஞ்சும் கொண்டு, ஓர் அடிக்கு ஓர் அடி இடத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும். அதில் சரியானால் அதற்கு மேல் போக வேண்டியதில்லை. சரியாகாவிட்டால் மட்டும் ஒரு படி கடுமை கூட்டலாம். கடுமையானதில் தொடங்கி மென்மையானதுக்கு இறங்குவது புதிய கார்களில் சிலர் செய்யும் அவசர வேலை.

இயந்திரத்தில் இரு வகை. ரோட்டரி ஒரே அச்சில் சுற்றும். ஒரே இடத்தில் நின்றால் சூடேறிச் சாயத்தைச் சுட்டுவிடும். டூவல் ஆக்‌ஷன் எனப்படுவது சுற்றிக்கொண்டே ஆடும். சூடு குறைவு, வேலை மெதுவு. வீட்டில் செய்பவர்களுக்கு இரண்டாவதே ஏற்றது. விளிம்பு, மடிப்பு, உடலில் எழும்பி ஓடும் கோடு ஆகியவற்றில் சாயம் எப்போதும் மெல்லிசு. எம்ஜிபியின் பக்கவாட்டில் ஓடும் குரோம் பட்டியை ஒட்டியும் அப்படித்தான். இந்த இடங்களில் எல்லாம் நாடா ஒட்டிவிட்டு, பின்னர் நாடாவை எடுத்துக் கையால் தேய்த்து முடிக்க வேண்டும்.

பஞ்சில் சிவப்பு ஒட்டுவது இயல்பு, பயப்பட வேண்டாம். அடிக்கடி தட்டித் துடைத்தால் போதும். சிவப்போடு சாம்பலோ பழுப்போ கலந்து வரத் தொடங்கினால் உடனே நிறுத்த வேண்டும். அது அடிப்பூச்சு.

இன்னொரு விஷயம் பேசப்படுவதே இல்லை. பழைய சாயங்களில், குறிப்பாக மஞ்சள், ஆரஞ்சு, சில சிவப்பு நிறங்களிலும் அடிப்பூச்சிலும், ஈயம் கலந்த நிறப்பொடிகள் பயன்பட்டிருக்கின்றன. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. எனவே பழைய சாயத்தைக் காய்ந்த நிலையில் மணல்தாள் போட்டு உரசிப் புழுதி கிளப்பக் கூடாது. ஈரத்தோடு செய்ய வேண்டும், முகக்கவசம் போட வேண்டும், சாப்பிடுமுன் கையை நன்றாகக் கழுவ வேண்டும். அந்தத் துணிகளை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைப்பதும் கூடாது. பிள்ளைகள் விளையாடும் முன்வாசலில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

மெழுகு: பிரேசில் பனையிலிருந்து

பாலிஷ் சாயத்தைக் குறைக்கிறது. மெழுகு அதன் மேல் மெல்லிய போர்வையாக நிற்கிறது. இரண்டும் ஒன்றென்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கடையில் இரண்டும் ஒரே டப்பாவில் கிடைப்பதும் ஒரு காரணம்.

பெயர் பெற்ற மெழுகு கார்னோபா. வடகிழக்கு பிரேசிலில் வளரும் ஒரு வகைப் பனையின் ஓலையில் வெயிலுக்குக் காப்பாகப் படியும் மெழுகு அது. ஓலையை வெட்டிக் காயவைத்து அடித்தால் பொடியாக உதிரும். செம்பனைக்கு நடுவே வாழும் நமக்குப் பனையிலிருந்து மெழுகு வருவது புதுமையாக இருக்கலாம். மிட்டாய்களின் மேல் மினுக்கத்துக்கும் இதே மெழுகைத்தான் சேர்க்கிறார்கள். இது உருக 80 பாகை செல்சியசுக்கு மேல் வேண்டும். தனியாக மிகக் கடினமானது என்பதால் வேறு எண்ணெயும் மெழுகும் கலந்தே டப்பாவில் அடைக்கிறார்கள்.

வெயிலில் நிற்கும் காரில் மெழுகு போடக் கூடாது. நிழலில், உடல் குளிர்ந்த பின், ஒவ்வொரு பகுதியாகப் போட வேண்டும். தடவுவது எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நல்லது. கனமாக அப்பினால் துடைத்து எடுக்கத்தான் உயிர் போகும்; பாதுகாப்பு கூடாது. மங்கலாகிக் காய்ந்ததும் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்து, சுத்தமாக வந்தால் துடைக்கலாம். ஈரப்பதம் மிகுந்த நாளில், மழை பெய்து ஓய்ந்த மாலையில், இது காயக் கூடுதல் நேரம் பிடிக்கும். கறுப்பு ரப்பர் பம்பர் உள்ள 1970களின் பிற்பகுதி எம்ஜிபியில் ரப்பரின் மேல் மெழுகு பட்டால் வெள்ளையாகக் காய்ந்து நிற்கும். அங்கும் நாடா ஒட்டிக்கொள்வது உத்தமம்.

வீட்டுக் கொட்டகையில் நிற்கும் காருக்கு இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். திறந்தவெளியில் நிற்பதற்கு அது சில வாரங்களே தாங்கும். தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் தகடாகப் பரவினால் மெழுகு போய்விட்டது என்று தெரிந்துகொள்ளலாம். செராமிக் பூச்சு ஆண்டுக் கணக்கில் நிற்கும் என்று விளம்பரம் செய்கிறார்கள். புதிய காருக்குச் சரி. பழைய ஒற்றைப் பூச்சுக்கு அதைப் பரிந்துரைக்க முடியவில்லை; பிடிக்காமல் போனால் அதை எடுக்க மறுபடி தேய்க்கத்தான் வேண்டும், தேயப்போவது மிச்சமிருக்கும் சாயமும் சேர்த்துத்தான். சிலிகோன் கலந்த பொருள்களைப் பற்றியும் யோசிக்க வேண்டும். பின்னாளில் மறுபடி சாயம் பூச நேர்ந்தால் சிலிகோன் மிச்சமிருந்த இடத்தில் புதுச்சாயம் ஒட்டாமல் குழி குழியாகும்.

சிங்கப்பூரில் குறைந்தது 35 ஆண்டு பழைய கார்களைச் சிறப்புத் திட்டத்தில் பதிவு செய்யலாம். ஆனால் ஆண்டில் குறிப்பிட்ட நாள்களே சாலைக்குக் கொண்டுவர முடியும். மற்ற நாள்களில் நிறுத்தி வைக்கும்போது பிளாஸ்டிக் கென்வாஸ் போட்டு மூடுவது கேடு. ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கும். காற்றில் ஆடி ஆடி உராய்ந்து கீறும். காற்றுப் புகும் துணி உறையே ஏற்றது, அதுவும் கழுவித் துடைத்த காரின் மேல்.

பறவை எச்சம் பட்டால் அன்றே எடுக்க வேண்டும். நனைத்த துணியைப் பத்து நிமிடம் மேலே போட்டு, ஊறிய பிறகு தூக்கி எடுக்க வேண்டும், உரசக் கூடாது.

ஆயுத பூஜைக்குப் போனட்டில் சந்தனம், குங்குமம் வைப்பது நம் வழக்கம். கடையில் வாங்கும் குங்குமத்தில் பெரும்பாலும் செயற்கை நிறம். ஈரத்தோடு பழைய சாயத்தில் இரவு முழுவதும் இருந்தால் கறை இறங்கிவிடும். பொட்டை முன் கண்ணாடியிலோ குரோம் பகுதியிலோ வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. சாயத்தில்தான் வைக்க வேண்டும் என்பவர்கள் இரண்டு நாள் முன்பே மெழுகு போட்டுவிட்டு, பூஜை முடிந்ததும் ஈரத்துணியால் ஒற்றி எடுக்கலாம். மஞ்சள் கறை மிச்சமிருந்தால் தேய்க்க வேண்டாம், வெயில் பட்டால் தானே மங்கிவிடும். மாலை கட்டும் கம்பி போனட்டில் படாமல் துணி சுற்றிக் கட்ட வேண்டும். டயரில் நசுக்கும் எலுமிச்சையின் சாறு தெறித்தால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும்; அது அமிலம்.